காந்தத்துக்கு எதற்கு இ-பாஸ்?

கேள்வி: எங்கள் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியின் போர்டில் ‘சுற்றுலாப் பயணிகளை இழுக்கும் காந்தம் கொடைக்கானல்’ என்று எழுதியிருக்கிறார்கள். காந்தம் என்றால் இழுப்பது மட்டும்தானா? அது தமிழ்ச் சொல்தானா?
– வாசகர், பெருமாள்மலை

பதில்: போர்டு எழுதியவர் காந்தத்தைக் கையில் வைத்து விளையாடியதே இல்லை போலிருக்கிறது. அது கண்டதையும் இழுக்காது. இரும்பு, நிக்கல், கோபால்ட் என்று வேண்டப்பட்டவர்கள் சிலர்தான். செம்பை ஒட்டி வைத்தாலும் கண்டுகொள்ளாது. வடமுனைக்கு எதிரே இன்னொரு வடமுனையைக் காட்டினால் தள்ளியே விடும். உங்கள் ஊர் யாரையாவது தள்ளியதுண்டா? கூட்டம் தாங்க முடியாமல்தானே, உயர் நீதிமன்றம் சொல்லி, 2024 மே முதல் வருகிற வண்டிகளிடம் இ-பாஸ் கேட்கிறார்கள்.

‘வேண்டப்பட்டவர்’ என்று சும்மா சொல்லவில்லை. வடமொழியில் இதன் முழுப்பெயர் அயஸ்காந்தம். அயஸ் என்றால் இரும்பு, காந்தம் என்றால் விருப்பத்துக்குரியது. ஆக, இரும்பின் காதலன்! நாம் இரும்பை வெட்டிவிட்டுக் காதலை மட்டும் வைத்துக்கொண்டோம். செந்தூரம் செய்கிற சித்த வைத்தியர்கள் இன்னமும் ‘அயக்காந்தம்’ என்று முழுசாகச் சொல்கிறார்கள். இங்கிலீஷ் மேக்னட்டில் இந்தக் காதல் கதை கிடையாது. அது மக்னீசியா என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. அடிப்பிடித்த சோற்றுக் காந்தல் நம்ம ‘காந்து’விலிருந்து வந்தது, இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கடிதம் எழுத வேண்டாம்.

வடமொழியிலிருந்து வந்தாலும் வந்து வெகுகாலம் ஆயிற்று. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் ‘காந்தம் கண்ட பசாசம்’ என்கிறார். பயப்படாதீர்கள், அங்கே பசாசம் என்றால் இரும்பு. காந்தத்தின் முன்னால் இரும்பு அசைவதுபோல அருளின் முன்னால் உயிர் அறிகிறது என்பது கருத்து. காந்தம் கூவி அழைக்கவில்லை, சும்மா இருக்கிறது.

சரி, உங்கள் ஊருக்கு நிஜமாகவே காந்தப் பெருமை உண்டு. விடுதிக்காரருக்குத்தான் தெரியவில்லை. 1899இல் அமைந்த வானாய்வகத்தில் சூரியனைப் பார்ப்பதோடு பூமியின் காந்தப்புலத்தையும் அளந்திருக்கிறார்கள். காந்த நடுக்கோடு (காந்த ஊசி சாயாமல் மட்டமாக நிற்கும் இடங்களைச் சேர்க்கும் கோடு) அதிக தூரத்தில் இல்லாததால், மேலும் கீழும் ஆடும்படி தொங்கவிட்ட காந்த ஊசி லண்டனில் 65 பாகைக்கு மேல் தலைகுனியும், கொடைக்கானலில் கிட்டத்தட்ட மட்டமாகவே படுத்திருக்கும். போர்டில் இதை எழுதச் சொல்லுங்கள். இடம் பற்றவில்லை என்றால், ‘காந்தம்’ என்பதை அழித்துவிட்டு ‘டிராஃபிக்’ என்று எழுதட்டும்.