பழைய வண்டிக்கு எத்தனால் ஆகாதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 1991ஆம் வருஷத்து யமஹா ஆர்எக்ஸ் 100 இருக்கிறது, அப்பா வாங்கியது. மாதத்தில் நாலு நாள் எடுத்தாலே அதிகம். இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் என்ற ஆல்கஹால் கலந்தது) போட்டால் எஞ்சின் போய்விடும் என்று மெக்கானிக் பயமுறுத்துகிறார். எத்தனால் இல்லாத பெட்ரோல் எங்கே கிடைக்கும்? – காரைக்குடி வாசகர்

பதில்: மெக்கானிக் சொல்வதில் பாதி சரி. ஆனால் உங்கள் வண்டிக்கு முதல் எதிரி எத்தனால் இல்லை, மீதி இருபத்தாறு நாள் அது சும்மா நிற்பதுதான். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க்கின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். டியூப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதானே! தினமும் ஓடி, வாரம் ஒரு முறை பெட்ரோல் போடும் வண்டிக்கு இந்தத் தொல்லை அநேகமாக வராது. உங்கள் வண்டியை நிறுத்தி வைக்கும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக அணையும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்றால் டேங்க்கையே காலி செய்துவிடுங்கள்.

அடுத்தது ரப்பர். அந்தக் காலத்து டியூப், டேப் வாஷர், கார்புரேட்டர் ஊசியின் நுனி எதுவும் எத்தனாலை நினைத்துச் செய்ததல்ல, ஊறி உப்பும், அப்புறம் விரிசல் விடும். எல்லாமே சில நூறு ரூபாய் சமாச்சாரம். கேட்டு வாங்கினால் எத்தனாலைத் தாங்கும் ‘விட்டான்’ (Viton) என்ற ரப்பரில் செய்த டியூப் கிடைக்கும், அதைப் போட்டுவிட்டால் அந்தக் கவலை விட்டது. டேங்க்கில் வருஷக்கணக்காகப் படிந்த கசடையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவரும், அதனால் முதல் இரண்டு மூன்று டேங்க் முடிந்ததும் ஃபில்டரைப் பாருங்கள்.

மெக்கானிக் உண்மையிலேயே பயப்பட வேண்டியது மூன்றாவது விஷயத்துக்கு. 1 கிலோ பெட்ரோல் எரிய கிட்டத்தட்ட 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். புதிய வண்டிகளில் சென்சார் இருக்கிறது, அதுவே பார்த்துச் சரிக்கட்டிக்கொள்ளும். உங்கள் கார்புரேட்டருக்கு அது எப்படித் தெரியும்? பழைய அளவிலேயே ஊற்றும், கலவை மெலிந்துபோகும், எஞ்சின் சூடாகும். உங்களுடையது போன்ற டூ ஸ்ட்ரோக்கில் அது பிஸ்டன் சீஸ் (பிஸ்டன் இறுகிச் சிக்கிக்கொள்வது) வரைக்கும் போகலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபித்தூள் நிறமாக இருந்தால் நிம்மதி. வெளுத்திருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றச் சொல்லுங்கள்.

எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக நிறைய பேர் 100 ஆக்டேன் (எஞ்சின் தட்டாமல் எரியும் திறனைக் காட்டும் எண்) பெட்ரோல் பக்கம் போகிறார்கள். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100, 2020 டிசம்பரில் வந்தபோதே டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். ஆக்டேன் எண்ணுக்கும் எத்தனால் இல்லாததற்கும் சம்பந்தமே இல்லை, பிரீமியம் என்று எழுதியிருந்தால் எத்தனால் இல்லை என்று அர்த்தமும் இல்லை. அவ்வளவு காசு கொடுப்பதற்கு முன்னால் நீங்களே சோதித்துப் பாருங்கள். அளவு கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன் மேல் 100 கோடு வரை பெட்ரோல். மூடி, குலுக்கி, பத்து நிமிஷம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் 10லேயே நின்றால் எத்தனால் இல்லை. இ20ஆக இருந்தால் 25ஐத் தாண்டிவிடும். இதை வீட்டுக்கு வெளியே, நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். சோதித்ததைத் திரும்ப டேங்க்கில் ஊற்றிவிடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் கேனில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, எத்தனாலைப் பிரித்துவிட்டு மேலே இருக்கும் பெட்ரோலை வண்டிக்குப் போடலாமே? – ஈரோடு வாசகர்

பதில்: இணையத்தில் பார்த்தீர்களா? வேண்டாம். எத்தனால் சேர்ந்த பிறகு ஆக்டேன் சரியாக வரும்படி கணக்குப் போட்டுத்தான் அடிப்படைப் பெட்ரோலைத் தயாரிக்கிறார்கள். எத்தனாலை எடுத்துவிட்டால் ஆக்டேன் இறங்கி எஞ்சின் தட்டும். போதாததற்குத் தண்ணீர் வேறு கொஞ்சம் மிஞ்சும். கேனும் கையுமாக வீட்டில் பெட்ரோலைக் குலுக்குவது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: மைலேஜ் குறைகிறதே, எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்கச் சொல்லி வழக்குப் போட முடியாதா? – மதுரை வாசகர்

பதில்: போட்டார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. மைலேஜ் குறைவது உங்கள் கற்பனை இல்லை. எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, இ10க்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம், டூ வீலர்களில் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு, அப்புறம் எப்படிக் குறையாமல் இருக்கும்?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன் பழைய செஸ்னா 150 விமானம் ஒன்றை வாங்கியிருக்கிறான். அதற்குக் கார் பெட்ரோலே போடலாமாம், ஆனால் எத்தனால் ஒரு சொட்டுகூட இருக்கக்கூடாதாம். காருக்கு ஆகும் எத்தனால் விமானத்துக்கு ஏன் ஆகாது? – திருச்சி வாசகி

பதில்: அவர் சொல்வது சரிதான். 1982இல் எக்ஸ்பெரிமெண்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற அமைப்பு இதே செஸ்னா 150க்குத்தான் முதலில் கார் பெட்ரோலுக்கு அனுமதி வாங்கியது, எத்தனால் கலக்காத பெட்ரோல் என்ற நிபந்தனையோடு. காரணம் ரப்பர் மட்டுமில்லை அம்மா. விமானி ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் டேங்க்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, தண்ணீர் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். எத்தனால் இருந்தால் தண்ணீர் அதில் கரைந்து மறைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி குளிரும் என்பதால் எட்டாயிரம் அடிக்குப் போவதற்குள் 16 டிகிரி இறங்கிவிடும். குளிரக் குளிர பெட்ரோலால் அவ்வளவு தண்ணீரைத் தாங்க முடியாது, தரையில் தெரியாத தண்ணீர் அங்கே பிரியும். எத்தனால் கொஞ்சமாகக் கலந்தால் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகவும் செய்யும், குழாயில் ஆவி அடைத்தால் எஞ்சின் நின்றுவிடும். வண்டி என்றால் ஓரம் கட்டலாம், மேலே ஏது ஓரம்?

பிற்காலத்தில் வந்த ரோட்டாக்ஸ் 912 போன்ற விமான எஞ்சின்களுக்கு 10 சதவீதம் வரை எத்தனால் பரவாயில்லை என்று தயாரிப்பாளரே சொல்கிறார். ஆனால் நம் ஊர் பங்கில் வருவது 20. இங்கே அப்படி ஒரு விமானம் வைத்திருப்பவர் பங்கில் வரும் இ20ஐப் போட முடியாது, ஈயம் கலந்த நீல நிற ஏவ்கேஸ் (விமானப் பெட்ரோல்) வாங்கலாம். 2022 செப்டம்பரிலிருந்து அதை வதோதராவிலேயே தயாரிக்கிறார்கள். அண்ணன் மகனிடம் காரைக்குடிக்காரருக்குச் சொன்ன அந்தக் குழாய்ச் சோதனையைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் எல்லா மாநிலத்திலும் பங்கில் எத்தனால் என்று எழுதி வைத்தே ஆக வேண்டும் என்றில்லை, அதனால் போன வாரம் வாங்கிய பங்காகவே இருந்தாலும் ஒவ்வொரு முறையும் சோதிக்கட்டும்.