ஈயடிச்சான் காப்பி - கடிதம்

வணக்கம். 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற பழைய ராப் பாட்டு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதில் ஒரு பகுதி கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற ராப்பரிடமிருந்து திருடியது என்கிறான் என் நண்பன். அப்படியென்றால் அவர் ஏன் அப்போதே சண்டை போடவில்லை? சொந்தமாக ஒரு ஹிட்டும் இல்லாத ஆளை இவ்வளவு பேர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவதும் எனக்குப் புரியவில்லை.

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

நண்பர் சொல்வது முக்கால்வாசி சரி. அந்தப் பாட்டைப் பாடியவர்களில் ஒருவரான ஹாங்க், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் காஸின் குழுவுக்கு மேனேஜர் மாதிரி இருந்தவர், பிழைப்புக்கு நியூஜெர்சியில் பீட்சா கடை வேலை. காஸின் கேசட்டைப் போட்டு, மாவு தட்டிக்கொண்டே கூடவே பாடியவரை ரெக்கார்டு கம்பெனி நடத்திய சில்வியா ராபின்சன் ராப் பாட வைக்கப் பிடித்துக்கொண்டார். ஹாங்குக்குச் சொந்தமாக நாலு வரி எழுத வராது. நேராகக் காஸிடம் போய்க் கேட்டார், காஸும் தன் பாட்டு வரிகள் எழுதிய நோட்டைத் தூக்கிப் போட்டு, வேண்டியதை எடுத்துக்கொள் என்றுவிட்டார். இவன் உள்ளே போனால் நம்மையும் இழுத்துக்கொள்வான் என்ற நம்பிக்கைதான். இருபது வயதுகூட ஆகாத பையனுக்கு ராயல்டி பற்றி யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

1979-இல் பாட்டு வந்தது. நம்மூரில் ஒரு கதை உண்டே, பழைய கணக்கு நோட்டில் ஈ செத்து ஒட்டியிருந்ததைப் பார்த்து, பிரதி எடுத்தவர் தானும் ஒரு ஈயை அடித்து ஒட்டினார் என்று! அதே கதைதான். காஸின் பழைய மேடைப்பெயர் காஸநோவா ஃப்ளை. நோட்டில் அவர் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வைத்திருந்ததை ஹாங்க் அப்படியே, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயர் போலப் பாடி வைத்திருக்கிறார். 'ஃப்ளை' என்றால் பிராங்க்ஸ் தெருவில் ஸ்டைலான ஆள், அகராதியில் ஈ. இந்தப் பொருத்தத்தை நினைத்து நான் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

இன்னொன்று. அந்தப் பாட்டின் இசை ஷீக் என்ற டிஸ்கோ குழுவின் 'குட் டைம்ஸ்'. அதை எழுதிய நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வக்கீலோடு போய் நின்றதும் பாடலாசிரியர்களாக அவர்கள் பெயர் ஏறிவிட்டது. காஸுக்குப் பெயரும் இல்லை, பைசாவும் இல்லை.

சரி, ஹிட் இல்லாதவர் என்கிறீர்கள். அந்தக் காலத்து ராப்பரை ரெக்கார்டை வைத்து அளந்தால் எப்படி? ராப் அப்போது பூங்காவிலும் ஸ்கூல் ஜிம்மிலும் கிளப்பிலும் நேரில் நடந்த சமாச்சாரம், வெளியே போனதெல்லாம் அங்கே பதிந்த கேசட்டுகள். 1981-இல் நியூயார்க்கின் ஹார்லெம் வேர்ல்ட் கிளப்பில் காஸின் குழுவான கோல்ட் க்ரஷ் பிரதர்ஸும் ஃபென்டாஸ்டிக் ஃபைவ் என்ற இன்னொரு ராப் குழுவும் மோதினார்கள், பரிசு ஆயிரம் டாலர். கோல்ட் க்ரஷ் தோற்றது. ஆனால் கேசட் ஊர் முழுக்கச் சுற்றியது, கேட்டவர்களில் பலர் ஜெயித்தது கோல்ட் க்ரஷ்தான் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். பின்னால் பெரிய பெயர் வாங்கிய ராப் குழுவான ரன்-டிஎம்சியின் டிஎம்சி தன்னை உருவாக்கியதே இவர்களுடைய கேசட்டுகள்தான் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். பிறகு 80களில் சின்னக் கம்பெனியில் ரெக்கார்டுகளும் போட்டார்கள், என் காதுக்கு அவற்றில் மேடையின் சூடு இல்லை.

'வைல்ட் ஸ்டைல்' என்ற ஹிப்-ஹாப் படத்தில் இதே இரண்டு குழுக்களும் கூடைப்பந்துக் கோர்ட்டில் மாறி மாறிப் பாடும் காட்சி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நியூயார்க் போகும் யோகம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. காஸ் அங்கே ஹிப்-ஹாப் சுற்றுலா பஸ்ஸில் வழிகாட்டியாக மைக் பிடித்தவர், இந்த நோட்டுக் கதையை அவர் வாயாலேயே கேட்கலாம்.