பெட்ரா போகிறவர்களுக்கு: வெயில், வெள்ளம், மணற்கல் – கேள்வி பதில்

தெற்கு ஜோர்டானில் நபத்தேயர்கள் என்ற பழங்கால அரபு மக்கள் மணற்பாறையைக் குடைந்து உருவாக்கிய பெட்ராவைப் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கட்டணங்கள் மாறக்கூடியவை, கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

துபாயிலிருந்து கேட்டவர்: மூணு நாள் லீவு இருக்கு. அம்மான்ல இறங்கி ஒரே நாள்ல பெட்ரா பார்த்துட்டுத் திரும்பிடலாமா?

முடியும், ஆனால் வேண்டாம். அம்மானிலிருந்து பெட்ராவை ஒட்டிய வாதி மூசா ஊருக்குச் சுமார் 235 கி.மீ. பாலைவன நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் பிடிக்கும். அதிகாலையில் கிளம்பினாலும், சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் வந்து கொட்டும் நேரத்தில்தான் நீங்களும் போய்ச் சேருவீர்கள். வெயில் ஏறும்போது நடக்கத் தொடங்கி, களைத்த உடம்போடு இருட்டில் வண்டி ஓட்டித் திரும்ப வேண்டியிருக்கும்.

முந்தின நாள் மாலையே வாதி மூசா போய்த் தங்கிவிடுங்கள். காலை 6 மணிக்கு வாசல் திறக்கும். முதல் இரண்டு மணி நேரம் வெயிலும் குறைவு, கூட்டமும் குறைவு. ஒரு நாள் டிக்கெட் 50 தினார், இரண்டு நாளுக்கு 55, மூன்று நாளுக்கு 60. ஐந்து தினார் கூடக் கொடுத்தால் இரண்டாவது நாளே கிடைக்கிறது என்னும்போது ஒரே நாளில் ஓடுவதில் அர்த்தமில்லை. ஜோர்டானில் இரவு தங்காமல் வந்து போகிறவர்களுக்கு 90 தினார்.

மூன்று இரவாவது நாட்டில் தங்குவதாக இருந்தால் ‘ஜோர்டான் பாஸ்’ வாங்குங்கள். 70 தினாரிலிருந்து தொடங்கும், பெட்ரா நுழைவும் அதில் அடக்கம். 40 தினார் விசா கட்டணமும் தள்ளுபடியாகும். விமானம் ஏறும் முன்பே இணையத்தில் வாங்கிவிட வேண்டும். போய் இறங்கிய பிறகு வாங்கினால் விசா சலுகை கிடைக்காது.

கோவையிலிருந்து: அப்பாவுக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு. அவரால் நடக்க முடியுமா அண்ணா?

எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுகிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். பார்வையாளர் மையத்திலிருந்து ‘சிக்’ எனப்படும் பாறை இடுக்கின் வாய் வரை ஏறக்குறைய 800 மீட்டர் திறந்தவெளி. சிக் 1.2 கி.மீ. அது முடிகிற இடத்தில் அல் கஸ்னே, அதாவது எல்லாப் படங்களிலும் வருகிற அந்த முகப்பு. அங்கிருந்து கல்லறைகள், அரங்கம், தூண் வீதி என்று பள்ளத்தாக்கின் அடிவரை போனால் ஒருவழியே நான்கு கி.மீ. ஆகிவிடும். மேலே இருக்கும் அத்-தெய்ர் மடாலயத்துக்கு அதற்குப் பிறகு 800-க்கும் மேற்பட்ட படிகள்.

போகும்போது பெரும்பகுதி இறக்கம் என்பதால் கால் வலி தெரியாது. திரும்பும்போது அத்தனையும் ஏற்றம், அதுவும் உச்சி வெயிலில். பலரும் ஏமாறுவது இங்கேதான். உங்கள் அப்பாவை அல் கஸ்னே வரை மின்சார வண்டியில் அழைத்துப் போகலாம், தனிக் கட்டணம் உண்டு. திரும்பி வரவும் அதே வண்டிக்குக் காலையிலேயே சொல்லி வையுங்கள். மாலையில் எல்லோரும் களைத்துப்போய் வரிசையில் நிற்பார்கள். மடாலயத்தை அவர் விட்டுவிடட்டும்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: பாலைவனத்தில் வெள்ளம் வரும் என்கிறார்கள். மிகைப்படுத்துகிறார்களா?

இல்லை. பெட்ராவில் வெயிலை விட எனக்கு அதிக பயம் மழைதான். 1963 ஏப்ரலில் சிக்குக்குள் புகுந்த வெள்ளத்தில் 20-க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்தார்கள். 2018 நவம்பரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே நாளில் வெளியேற்ற வேண்டியிருந்தது. 2022 டிசம்பரிலும் வெள்ளம் வந்து பயணிகளை வெளியேற்றினார்கள்.

சுற்றியுள்ள மலைகளில் மண்ணும் செடியும் சொற்பம், வெறும் பாறைதான். பெய்கிற மழையை உறிஞ்ச எதுவும் இல்லாததால் மொத்த நீரும் நிமிடங்களில் ஓடைகளில் இறங்குகிறது. அந்த ஓடைகளில் பெரியதான வாதி மூசா (ஊருக்கும் அதே பெயர்தான்) இயற்கையாகப் பாயும் வழி இந்த சிக்தான், சில இடங்களில் அதன் அகலம் மூன்று மீட்டர் அளவுதான். மழை பல கி.மீ. தள்ளி மலையில் பெய்திருக்கும், உங்கள் தலைக்கு மேலே வானம் நீலமாகவே இருக்கும்.

நபத்தேயர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. சிக்கின் வாயில் அணை கட்டி, பாறையில் ஏறக்குறைய 88 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து வெள்ளத்தை வடக்குப் பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். உள்ளே நுழையும் முன் வலப்பக்கம் அந்தச் சுரங்க வாயைப் பார்க்கலாம். 1963-க்குப் பிறகு அணையைத் திரும்பக் கட்டினார்கள். ஆனால் சிக்கின் சுவர்களிலேயே பக்கவாட்டு ஓடைகள் பல வந்து விழுகின்றன. அவற்றை இந்த அணை தடுக்காது.

அக்டோபர் முதல் மே வரை போகிறவர்கள் முந்தின இரவும் அன்று காலையும் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். வாதி மூசா ஊருக்கு மட்டும் பார்த்தால் போதாது, கிழக்கே இருக்கும் மேட்டு நிலத்துக்கும் பாருங்கள். இடி மழை என்று போட்டிருந்தால் சிக்குக்குள் போகாதீர்கள். எச்சரிக்கை ஒலி கேட்டாலோ, காவலர்கள் கத்தினாலோ, ஓடை நீர் திடீரென்று கலங்கினாலோ பையை அப்படியே போட்டுவிட்டு மேடான இடத்துக்கு ஏறுங்கள். ஓடையின் போக்கில் ஓடக் கூடாது, தண்ணீர் உங்களை முந்திவிடும். காவலர் காட்டுகிற பாதையில் மட்டும் போங்கள். கணுக்கால் அளவைத் தாண்டிப் பாயும் நீரைக் கடக்கப் பார்க்காதீர்கள். சாலையிலும் அப்படியே: 30 செ.மீ. ஓட்டநீர் சின்னக் காரைத் தூக்கிவிடும், 60 செ.மீ. பெரிய வண்டியையே இழுத்துப் போகும். வீடியோ எடுக்க நிற்பவர்களைப் பற்றி என்ன சொல்ல.

சென்னையிலிருந்து: ஜூலையில் போகிறோம். நமக்கு வெயில் பழக்கம்தானே?

நமக்குப் பழக்கம் புழுக்கம். அங்கே காற்று உலர்ந்தது. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால் உடம்பு நீர் இழப்பதே தெரியாது. சட்டை நனையவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், மடாலயம் ஏறுவதாக இருந்தால் நான்கு. தாகம் எடுக்கக் காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில மடக்கு குடியுங்கள். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் உப்புச்சத்து குறைந்து தலை வலிக்கும், குமட்டும். ஊரிலிருந்தே ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் கொண்டு போங்கள். கலக்கும் முன் பொட்டலத்தைப் படியுங்கள்: ஒரு லிட்டருக்கானதும் உண்டு, 200 மி.லி.க்கானதும் உண்டு. மாற்றிக் கலந்தால் பயனில்லை. கெட்டியாகக் கலந்தால் கெடுதலும்கூட. கூடவே வறுத்த கடலை, முறுக்கு என்று ஏதாவது உப்பான தீனி.

சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் நிழலில் உட்கார்ந்து குடிக்க வேண்டும். கையிருப்பில் பாதி தீர்ந்த இடத்தில் திரும்பிவிடுங்கள், மிச்ச வழி ஏற்றம் என்பதை மறக்காமல். கூட வந்தவர் உளறினாலோ தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்), உயிருக்கு ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய், உடையை நனைத்து, விசிறிக்கொண்டே 911-ஐ அழையுங்கள். நினைவு தடுமாறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.

அதே குடும்பத்திலிருந்து: செருப்பு போதுமா?

போதாது. படிகள் தேய்ந்து வழவழத்துக் கிடக்கின்றன, மேலே மெல்லிய மணல். தரையில் சிந்திய கேழ்வரகில் கால் வைத்த மாதிரி வழுக்கும். ரப்பர் அடி நன்றாகப் பிடிக்கிற, கணுக்காலைத் தாங்குகிற, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ. புது ஷூ என்றால் முதல் நாளே கொப்புளம்தான்.

திருச்சியிலிருந்து: குதிரை சவாரி டிக்கெட்டிலேயே சேர்த்தி என்கிறார்களே, உண்மையா? கழுதையும் உண்டாமே?

குதிரை சிக்கின் வாய் வரைதான், அந்த 800 மீட்டருக்கு. டிக்கெட்டில் சேர்த்திதான், ஆனாலும் முடிவில் அன்பளிப்பு எதிர்பார்ப்பார்கள். ஏறும் முன்பே எவ்வளவு என்று பேசிவிடுங்கள்.

மடாலயப் படிகளில் கழுதை வேண்டாம். ஒரு பக்கம் பள்ளம், எதிரே இறங்கி வருகிற கூட்டம், கழுதை கால் தவறினால் நீங்களும் சேர்ந்துதான் விழுவீர்கள். குளம்பு பட்டுப்பட்டுப் படிகளும் தேய்கின்றன. எங்கேயாவது சவாரி செய்தே ஆக வேண்டும் என்றால் புண், நொண்டல், எலும்பு தெரிகிற இளைப்பு உள்ள விலங்கைத் தவிர்த்துவிடுங்கள்.

பெங்களூரிலிருந்து: சின்னக் குழந்தைகள் போஸ்ட்கார்டு விற்கிறார்கள் என்று படித்தேன். வாங்கினால் உதவிதானே?

அப்படித்தான் தோன்றும். ஆனால் நல்ல வியாபாரம் ஆகிற பிள்ளையை வீட்டில் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள். அவர்களிடம் வாங்காதீர்கள் என்று நிர்வாகமே கேட்டுக்கொள்கிறது. உள்ளே கடை வைத்திருக்கும் பெரியவர்களிடம் வாங்குங்கள். அவர்களில் பலர் ப்தூல் என்ற பெடூயின் (பாலைவன நாடோடி அரபு) குலத்தார், இந்தக் குகைகளில் குடியிருந்து, 1985 வாக்கில் உம் சைஹூன் கிராமத்துக்கு மாற்றப்பட்டவர்கள். அவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாமல், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். தேநீர் குடிக்கக் கூப்பிட்டால் குடிக்கலாம். இரவு குகையில் தங்க யாராவது அழைத்தால், குறிப்பாகத் தனியாக வரும் பெண்கள், மறுத்துவிடுங்கள். தொல்லியல் பூங்காவுக்குள் இரவு தங்க அனுமதி இல்லை.

பழைய நாணயம், பானை ஓடு என்று நீட்டினால் தொடவே தொடாதீர்கள். பெரும்பாலும் போலி. அசலாக இருந்தால் தொல்பொருள் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒரு கல்லூரி மாணவி: சுவரைத் தொட்டுப் பார்ப்பதில் அப்படி என்ன கெடுதல்?

மணற்கல் என்பது மணல் துகள்கள் லேசாக ஒட்டிக்கொண்டு நிற்பது. மழையும் நிலத்தடி ஈரமும் உப்பைக் கரைத்துக் கல்லுக்குள் கொண்டுபோகும். ஈரம் காயும்போது உப்பு படிகமாகி, துகளைத் துகளிலிருந்து நெம்பிவிடும். முகப்புகளின் மேல்பகுதி கூர்மையாக இருக்க, அடிப்பகுதி கரைந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படித் தளர்ந்து நிற்கிற கல்லில் கையை வைத்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உதிரும். உள்ளங்கை வியர்வையிலும் உப்புதான் இருக்கிறது. சிக்கின் சுவரில் இடுப்பு உயரத்தில் ஓடும் நீர்க்கால்வாய் விளிம்பில் எல்லோரும் உட்காருகிறார்கள், நீங்கள் உட்காராதீர்கள். வண்ண வரிகள் ஓடும் கல்துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்கக் கூடாது.

இன்னொன்று, அறை போலத் தெரிபவை பெரும்பாலும் கல்லறைகள். ஒதுங்க இடம் தேடி அதற்குள் போகிறவர்கள் உண்டு. பார்வையாளர் மையத்திலும் உள்ளே உணவகங்கள் அருகிலும் கழிப்பறை இருக்கிறது, போகும்போதே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து: அல் கஸ்னேவை மேலிருந்து எடுத்த படங்கள் வருகின்றனவே, எப்படி ஏறுவது?

நேர் எதிரே இருக்கிற பாறையில் கூட்டிப் போகிறேன் என்று சிலர் வருவார்கள். அது அனுமதிக்கப்பட்ட பாதை இல்லை, விளிம்பில் தடுப்பும் இல்லை. முறையான வழி அல் குப்தா பாதை. அரச கல்லறைகளின் வடக்கே படி தொடங்கும். ஏறி இறங்க இரண்டு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அல் கஸ்னேவின் மேல் நேர் வெயில் விழுவது ஏறக்குறைய 9 முதல் 11 மணி வரை, அதற்குள் மேலே இருக்க வேண்டும். மடாலயம் மேற்கு நோக்கியது, பிற்பகலில்தான் ஒளி நன்றாக இருக்கும்.

டிரோன் கொண்டு போகலாமா?

வேண்டாம். முன் அனுமதி இல்லாமல் கொண்டு போனால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கோலாலம்பூரிலிருந்து: ‘பின்வாசல்’ வழியாக மடாலயம் போனால் படி ஏற வேண்டாமாமே? உடை விதி ஏதும் உண்டா?

பெட்ராவுக்கு வடக்கே இருக்கும் சின்ன பெட்ரா பக்கத்திலிருந்து வருகிற மலைப்பாதை அது. படி குறைவு, ஆனால் ஏற்றம் இல்லாமல் இல்லை. சில இடங்களில் செங்குத்தான பள்ளத்தை ஒட்டிய விளிம்பில் நடக்க வேண்டும். டிக்கெட்டை முதலில் வாதி மூசா பார்வையாளர் மையத்தில் வாங்கிவிட வேண்டும், பாதையில் விற்க மாட்டார்கள். உரிமம் பெற்ற வழிகாட்டியோடு காலையில் தொடங்கினால் மடாலயத்திலிருந்து கீழே இறங்கி, சிக் வழியாக வெளியே வரலாம். மழை நாளில் இந்தப் பாதை கூடாது.

உடைக்குக் கண்டிப்பான விதி இல்லை. தோளும் முழங்காலும் மூடிய தளர்வான பருத்தி உடை ஊர் வழக்கத்துக்கும் ஏற்றது, வெயிலுக்கும் நல்லது. ஜபல் ஹாரூன் மலை உச்சிக்குப் போவதாக இருந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். மூசா நபியின் சகோதரர் ஹாரூன் அடங்கிய இடம் என்று மக்கள் போற்றும் தலம் அது. முழுக்கை, நீளக் கால்சட்டை, பெண்களுக்குத் தலைத்துணி. வாசலில் காலணியைக் கழற்ற வேண்டும். பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். போக வர ஒரு முழு நாள் ஆகும், வழிகாட்டி இல்லாமல் கிளம்பாதீர்கள்.