முன்சிப் கோர்ட்ல தோத்தா, அப்பீல்ல கேஸ் மறுபடி முதல்ல இருந்து நடக்குமா?

கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்ட எல்லைத் தகராறுல தோத்துட்டோம், சாட்சிகளை மறுபடி விசாரிப்பாங்களான்னு கேட்டிருக்கீங்க. பொதுவா மாட்டாங்க தம்பி. கீழ்க்கோர்ட்டான முன்சிப் கோர்ட்ல பதிவான சாட்சியம், பத்திரம், கமிஷனர் (இடத்தைப் பாத்துட்டு வர கோர்ட் அனுப்புற வக்கீல்) ரிப்போர்ட் இதையெல்லாம் வச்சுதான் பாப்பாங்க, புது ஆவணம் கொடுக்கணும்னா ஏன் அப்பவே கொடுக்கலைன்னு சரியான காரணம் சொல்லணும்.

ஆனா முதல் அப்பீல் ரொம்ப முக்கியம், ஏன்னா அதுல சட்டம் மட்டுமில்ல, நடந்த விஷயத்தையும் அலசலாம். சாட்சி கூண்டுல நின்னதை நேர்ல பாத்தவர் கீழ்க்கோர்ட் ஜட்ஜ், அதனால யாரை நம்புறதுங்கறதுல அவர் முடிவை லேசுல மாத்த மாட்டாங்க, ஆனா சர்வேயர் அளந்த வரைபடத்தை கண்டுக்கவே இல்ல, பத்திரத்தோட நாலெல்லையை தப்பா படிச்சிட்டார்னு காட்டினா தீர்ப்பை ரத்து பண்ணலாம், மாத்தலாம், இல்ல திருப்பி அனுப்பலாம். எங்க சித்தப்பா கேஸ் அப்படித்தான் திரும்பி வந்துச்சு.

இதுலயும் தோத்தா சென்னை ஹைகோர்ட்ல இரண்டாம் அப்பீல், அங்க முக்கியமான சட்டக் கேள்வி இருந்தாதான் எடுப்பாங்க.

முன்சிப் கோர்ட்டுக்கு மேல இருக்குற ஊட்டி சப் கோர்ட்ல முதல் அப்பீல் போட 30 நாள்தான், தீர்ப்பு நகல் வாங்க ஆகுற நாளை கழிச்சுக்கலாம், அதனால நாளைக்கே நகலுக்கு மனு போடுங்க. அப்பீல் போட்டா மட்டும் தீர்ப்பை அமல்படுத்துறது நிக்காது, தடை உத்தரவுக்கு தனி மனு வேணும், இதை விட்டுட்டு வேலியை இழந்தவங்களை பாத்திருக்கேன்.