லார்ட் ஹோவ் குச்சிப்பூச்சியும் நியூ கினி முள் குச்சிப்பூச்சியும்: கேள்வி பதில்

கேள்வி: இரண்டில் எது பெரியது?

பதில்: இரண்டிலும் பெண்தான் பெரியது. இரண்டு இனத்துப் பெண்ணும் சுமார் 15 செ.மீ. வரை வளரும்.

கேள்வி: என் நியூ கினி ஆண் பூச்சி பின்னங்கால்களை விரித்து நிற்கிறதே?

பதில்: கிட்டே வராதே என்கிறது. பின் தொடையின் அடியில் வளைந்த முள் ஒன்று இருக்கும். விரல் பட்டால் காலை மடக்கி இறுக்கிவிடும். எனக்கு ஒருமுறை ரத்தமே வந்தது. இழுக்காமல் அசையாமல் இருந்தேன், தானாக விட்டது. நியூ கினியில் அந்த முள்ளைத் தூண்டில் கொக்கியாகக்கூடப் பயன்படுத்தியிருக்கிறார்கள். காலைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

கேள்வி: எது பெரியது?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: இறக்கை இல்லை, தடித்த கால், கனத்த உடம்பு. இரண்டும் நெருங்கிய சொந்தம்தானே?

பதில்: இல்லை. 2009இல் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். லார்ட் ஹோவ் பூச்சிக்கு நெருங்கிய சொந்தம் ஆஸ்திரேலியக் குச்சிப்பூச்சிகள்தான். பகலில் பொந்திலும் பட்டைக்கு அடியிலும் ஒடுங்கி, இரவில் மேயப் போகும் வாழ்க்கை இரண்டுக்கும் பொது. அந்த வாழ்க்கைக்கு ஏற்ற உடம்பு தனித்தனியாக அமைந்தது. பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நியூ கினி பூச்சியின் உடம்பெல்லாம் முள், லார்ட் ஹோவ் பூச்சி வழவழவென்று கறுப்பாக மின்னும்.

கேள்வி: லார்ட் ஹோவ் பூச்சி அழிந்தேவிட்டது. பால்ஸ் பிரமிட் பாறைத் தீவில் கிடைத்தது வேறு இனம். அருங்காட்சியகப் பூச்சியைப் போலவே இல்லையே!

பதில்: தோற்றத்தில் வித்தியாசம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 1918இல் மகாம்போ கப்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள லார்ட் ஹோவ் தீவில் தரைதட்டியபோது கறுப்பு எலிகள் இறங்கிப் பூச்சிகளைத் தின்றன; சில ஆண்டுகளில் பூச்சி காணாமல் போனது. 2001இல், 20 கி.மீ.க்கு அப்பால் கடலில் செங்குத்தாக நிற்கும் அந்தப் பாறையில், ஒரு புதரடியில் 24 பூச்சிகள் உயிரோடு இருந்தன. 2017இல் பழைய பூச்சிகளின் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசம் 1 சதவீதத்துக்கும் குறைவு. அதே இனம்தான்.

கேள்வி: உருவம் மாறினால் இனமும் மாறியதாகத்தானே அர்த்தம்?

பதில்: இந்தப் பூச்சியையே பாருங்கள். குஞ்சு பச்சை, பகலில் திரியும். வளர்ந்ததும் கறுப்பு, இரவில் மட்டும் வரும். ஒரே பூச்சிதானே? உருவத்தை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: உலகிலேயே நீளமானது இவற்றில் எது?

பதில்: இரண்டும் இல்லை. சீனத்தின் ஃபிரிகானிஸ்ட்ரியா சைனென்சிஸ் காலையும் சேர்த்து 60 செ.மீ. தாண்டும்.

கேள்வி: நியூ கினி பூச்சிகள் பெருகிவிட்டன. தோட்டத்தில் விடலாமா?

பதில்: கூடவே கூடாது. ஒரு தீவில் வெளியிலிருந்து வந்த எலி என்ன செய்தது என்று இப்போதுதானே சொன்னேன்! வளர்ப்பவர்கள் யாருக்காவது கொடுங்கள். பெண் மண்ணுக்குள் முட்டையிடும், அதனால் கூண்டு மண்ணையும் சில நாள் ஃப்ரீசரில் வைத்த பிறகே கொட்டுங்கள். அப்புறம், கொடுக்கும்போது ஆணைக் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள்.