28 நாள் எப்படி ஒரு மாதம்?

கோவில்பட்டி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செல்போன் ரீசார்ஜ் பற்றித்தான். அதனால் இந்த வாரம் முழுக்க அதுவே.

கேள்வி: தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வீட்டு வாடகை, பால், சீட்டு எல்லாம் மாதத்துக்கு ஒரு தடவை. செல்லுக்கு மட்டும் தேதி முன்னால் முன்னால் வந்துகொண்டே இருக்கிறது. எங்கே கணக்குத் தப்புகிறது? – ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: உங்கள் கணக்கு தப்பவே இல்லை அம்மா. 28 நாளை மாதம் என்று சொல்லிப் பழக்கிவிட்டார்கள், அதுதான் தப்பு. 28 நாள் பிளான் என்றால் ஆண்டுக்கு 13 முறை போட வேண்டும். 13 முறை போட்டால்தான் 364 நாள் ஓடும். 299 ரூபாய் பிளானை எடுத்துக்கொள்ளுங்கள். 12 மாதம் என்று நினைத்தால் 3,588 ரூபாய். உண்மையில் கையை விட்டுப் போவது 3,887. அந்த 13வது ரீசார்ஜை எந்தக் குடும்பமும் செலவுக் கணக்கில் எழுதி வைப்பதில்லை.

இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். எங்கள் தெருக் கடையில் கண்ணாடிப் பெட்டி மேல் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. ஸ்கெட்ச் பேனாவில் 'மாதம்', '3 மாதம்', 'வருடம்' என்று எழுதி எதிரே தொகை. எத்தனை நாள் என்று ஓரிடத்திலும் இல்லை. அந்த '3 மாதம்' 84 நாள். 'வருடம்' என்பதில் ஒன்று 336 நாள், அதாவது 12 முறை 28. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு வந்த பேச்சே அப்படி.

2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் வேலிடிட்டியில் பிளான் வைத்திருக்க வேண்டும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் பிளானும் வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கிறார்கள். ஆனால் நாமாகக் கேட்காமல் யாரும் எடுத்து நீட்டுவதில்லை. 2024 ஜூலை விலையேற்றத்தில் ஜியோ, தினம் ஒன்றரை ஜிபி தரும் 28 நாள் பிளானை 239லிருந்து 299 ஆக்கியது. அதே ஒன்றரை ஜிபியை ஒரு முழு மாதத்துக்குத் தரும் பிளான் 319 ஆனது. 20 ரூபாய் கூடுதலாகத் தெரியும். 12ஆல் பெருக்குங்கள், 3,828 வரும். ஆண்டுக்கு 59 ரூபாய் மிச்சம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஒன்றாம் தேதி போட்டால் அடுத்ததும் ஒன்றாம் தேதிதான். சம்பளக் கவரோடு சேர்த்து எடுத்து வைத்துவிடலாம். அடுத்த முறை கடையில் "எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "எத்தனை நாள்?" என்று கேளுங்கள்.

கேள்வி: 10 ரூபாய் டாப் அப் போட்டால் 7.47தான் ஏறுகிறது. மீதி எங்கே? – கழுகுமலை

பதில்: 18 சதவீத ஜிஎஸ்டி போக 8.47. அதில் ஒரு ரூபாய் நிறுவனத்தின் கட்டணம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, பட்டன் போன். நான் திருப்பூரில் இருக்கிறேன். ஊர்க் கடையில் 28 நாளுக்கு ஒருமுறை 299 போட்டுவிடுகிறார்கள். அம்மாவுக்கு நெட் என்றால் என்னவென்றே தெரியாது. பேச மட்டும் ஏதாவது பிளான் உண்டா? – கயத்தாறு

பதில்: உண்டு. படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. நெட்டைத் திறக்கவே வழியில்லாத ஒரு போனுக்குத் தினமும் ஜிபி கணக்கில் நெட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்டவர்களுக்காகவே 2024 டிசம்பரில் டிராய் இன்னோர் உத்தரவு போட்டது. பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பிளானை எல்லா நிறுவனமும் தந்தாக வேண்டும், அதன் வேலிடிட்டி 365 நாள் வரை இருக்கலாம் என்றது. அடுத்த மாதமே வந்தன. அப்போது ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748.

அம்மாவுக்கு இப்போது ஆண்டுக்கு 3,887 ஆகிறது. ஏர்டெல் சிம் என்றால், அந்த 1,849 போட்டால் 2,038 ரூபாய் மிச்சம், அவர் மாத்திரைச் செலவுக்கு ஆகும். இன்றைய விலையை நிறுவனத்தின் செயலியில் பார்த்து, திருப்பூரிலிருந்தே நீங்கள் போட்டுவிடுங்கள். கடைக்காரருக்கும் ஒரு போன் போட்டு, இனி போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 5ஜி அன்லிமிடெட் என்று சொன்னதால் 299 போட்டேன். ஒன்றரை ஜிபியில் நின்றுவிடுகிறது. மோசடிதானே? – கோவில்பட்டி

பதில்: இல்லை. 2024 ஜூலையிலிருந்து ஜியோவிலும் ஏர்டெல்லிலும் தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பிளான்களுக்குத்தான் அது. பிளானைத் தொட்டால் கீழே எழுதியிருக்கும். நீங்கள் பார்க்கவில்லை.

கேள்வி: நண்பன் பேச்சைக் கேட்டுப் புது சிம் வாங்கி, ஒரு வருட பிளானும் போட்டுவிட்டேன். வீட்டுக்குள் டவரே இல்லை. பணம் திரும்புமா? – எட்டயபுரம்

பதில்: திரும்பும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். நண்பன் வீட்டில் டவர் கிடைத்தால் உங்கள் வீட்டிலும் கிடைக்கும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? புது சிம்மில் முதலில் சின்ன பிளான் போட்டு, அடுப்படியிலும் படுக்கும் இடத்திலும் நின்று பேசிப் பார்த்திருக்க வேண்டாமா?

கோபமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு நிறுவனத்தின் வருட பிளானை நானும் இதே மாதிரி போட்டேன். பேச வேண்டும் என்றால் மாடிப்படிக்குப் போக வேண்டும். அப்பா மருத்துவமனையில் இருந்த வாரம் தம்பி இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறான், எனக்கு மணியே அடிக்கவில்லை. பணம் போனதை மறந்துவிட்டேன், அதை இன்னும் மறக்க முடியவில்லை.

வீட்டில் வைஃபை இருந்தால், போன் செட்டிங்கில் வைஃபை காலிங், அதாவது டவர் இல்லாமல் வைஃபை வழியாகவே பேசும் வசதி, இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நிறுவனம் மாறுவதுதான் வழி. சிம் வாங்கி 90 நாள் ஆகியிருக்க வேண்டும். PORT என்று எழுதி, இடம் விட்டு உங்கள் எண்ணைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், புது நிறுவனத்திடம் கொடுக்க வேண்டிய குறியீடு வரும். அது 4 நாள் செல்லும். தமிழ்நாட்டுக்குள் என்றால் 3 வேலை நாளில் மாறிவிடும். மிச்சமிருக்கும் பிளானும் பேலன்ஸும் கூடவே வராது.

கேள்வி: அவசரத்தில் எண் தவறி யாருக்கோ 349 போட்டுவிட்டேன். இது மூன்றாவது முறை. – கோவில்பட்டி

பதில்: உடனே கஸ்டமர் கேரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், கிடைத்தால் உங்கள் நேரம். மூன்று முறை தவறியும் குடும்பத்தார் எண்களைப் பெயரோடு சேமித்து வைக்காமல் இருப்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: ஆடு மேய்க்கிறவன். பேலன்ஸில் அடிக்கடி காசு பிடிக்கிறது. கேட்டால் ஏதோ பாட்டுச் சேவை நான் கேட்டதாகச் சொல்கிறார்கள். நான் எதையும் கேட்கவில்லை. பேத்தி எழுதித் தருகிறாள். – விளாத்திகுளம்

பதில்: ஐயா, நீங்கள் சொல்வதை நம்புகிறேன். இந்த மாதிரிச் சேவையை ஆரம்பிக்க உங்களிடம் இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும் என்பது டிராயின் விதி. திரையில் திடீரென்று ஏதோ வந்து, ஓகே அழுத்தியிருந்தால்கூட அது போதாது.

முதலில் 155223ஐ அழையுங்கள், காசு ஆகாது. ஓடும் சேவையை எல்லாம் நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்து 198ஐ அழைத்து உங்கள் சிம் நிறுவனத்திடம் புகார். பிடித்த காசைத் திருப்பித் தரச் சொல்லி, புகார் எண்ணைப் பேத்தியை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எண் வாங்காமல் போனை வைக்க வேண்டாம். கணக்குக் கேட்டால் ப்ரீபெய்டுக்கும் விவரப் பட்டியல் தர வேண்டும், அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. முடிவு திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. செல்போன் வழக்கை நுகர்வோர் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அதனால் "இங்கே வராது" என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

நிறுத்திய பிறகும் காசு பிடித்தால், தேதியும் தொகையும் குறித்து எனக்கு இன்னொரு கடிதம் போடச் சொல்லுங்கள். புகார் மனுவை நானே எழுதி அனுப்புகிறேன்.