எதற்காக வாழ்கிறேன் என்று தெரியவில்லை

கேள்வி: நான் 2001இல் பிறந்தவள். உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தும், வெட்டுப்புள்ளி எட்டாததால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. நிலாவெளியில் ஒரு விடுதியில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு விலகினேன். உடன் படித்தவர்கள் கனடாவுக்கும் கட்டாருக்கும் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு மீனவக் குடும்பத்துச் சிறுவனுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பின்னம் அவனுக்கு விளங்கவே இல்லை. அவன் அப்பா கொண்டுவந்த மீனைப் பங்கு பிரித்துக் காட்டியதும் அன்றைக்கே பிடித்துக்கொண்டான். மற்றபடி என் வாழ்க்கைக்கு ஒரு நோக்கமும் இல்லை. அம்மாவிடம் சொன்னால், "உனக்கு இங்கே என்ன குறை?" என்று கேட்கிறார்.
- வாசகி, உப்புவெளி

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அம்மாவின் கேள்வியைக் கோபமின்றிக் கேளுங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்தபோது நீங்கள் மூன்று வயதுக் குழந்தை. போர் ஓய்ந்தது 2009இல். இடப்பெயர்வும் இழப்பும் நிறைந்த அந்த ஆண்டுகளில், திருகோணமலையின் தாய்மார் பலருக்குப் பிள்ளைகளை உயிரோடு வளர்த்தெடுப்பதைத் தவிர வேறெதையும் எண்ணிப் பார்க்க அவகாசம் இருந்திருக்காது. இன்று நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்க முடிகிறதென்றால், அந்த அவகாசத்தைத் தேடித் தந்தவரும் அவர்தான்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். பரீட்சை, விடுதி, வெளிநாடு ஆகியவற்றை ஒவ்வொரு வரியில் கடந்துவிட்ட நீங்கள், அந்தச் சிறுவனைப் பற்றி மட்டும் நின்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிய கையோடு "மற்றபடி" என்று ஒதுக்கியும் விட்டீர்கள். அந்தச் சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. நாட்சி வதைமுகாம்களிலிருந்து உயிர் மீண்ட வியன்னா உளமருத்துவர் விக்டர் பிராங்கிள், வாழ்வின் பொருள் என்னவென்று நாம் வாழ்வைக் கேட்பதைவிட, வாழ்வு நம்மிடம் கேட்பதற்கு நம் செயலால் விடை சொல்வதே முறை என்று எண்ணினார். உங்களிடம் அந்தக் கேள்வி, பின்னம் விளங்காத ஒரு பிள்ளையின் உருவில் வந்தது. நீங்கள் பாடப்புத்தகத்தை மூடிவைத்து மீனை எடுத்தீர்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் எல்லோருக்கும் அது தோன்றிவிடுவதில்லை.

ஆகவே, ஒழுங்கையில் உள்ள இன்னும் நான்கைந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஆறு மாதம் கற்பித்துப் பாருங்கள். அந்த வேலை உங்களைக் களைப்பாக்குகிறதா, அல்லது களைப்பிலும் அடுத்த நாள் பாடத்தை யோசிக்க வைக்கிறதா என்பதைக் கவனியுங்கள். பின்னதுதான் என்றால், ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தேசிய கல்வியியல் கல்லூரிகளுக்கான அறிவித்தல் வர்த்தமானியில் வெளியாகும்போது வயதெல்லையையும் தகைமைகளையும் உடனே பாருங்கள். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் சேர வெட்டுப்புள்ளி தடையாக இராது. வெளிநாடு போவது தவறன்று. ஆனால் தோழிகள் போய்விட்டார்கள் என்பது மட்டும் அதற்குக் காரணமாகக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உறக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல், எழுந்திருக்கவே விருப்பமற்ற நிலை வாரக்கணக்கில் நீடித்தால், அதை நோக்கமின்மை என்று எண்ணித் தனியே சுமக்காதீர்கள். அது மருத்துவ உதவி தேவைப்படும் நோயாக இருக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைத்துப் பேசுங்கள்.

அந்தச் சிறுவன் இப்போது தசமத்துக்கு வந்துவிட்டானா என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.